அதிபர் இறந்த மறுநாள் பிறந்தவன்

எங்கள் பிரசவ வார்டில் பிறப்புப் பதிவேடு எழுதுகிற வேலை எனக்கு. பதினெட்டு வருடம் எழுதினேன். பிறந்த நேரம், எடை, ஆணா பெண்ணா, பிரசவம் பார்த்த நர்ஸ் யார் என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்தில் பாதிக்கு மேல் ஒரே கையெழுத்துதான் இருக்கும். அவரை எங்களில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கைராசி அக்கா. அக்காவின் டியூட்டி வரட்டும் என்று வலியை அடக்கிக்கொண்டு வந்ததாகச் சொல்லும் பெண்கள் கூட உண்டு. "அடக்க அது என்ன தும்மலாம்மா? படு முதல்ல!" என்று அக்கா அதட்டுவார்.

குள்ளம். பருத்த தோள்கள். நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். குழந்தையைத் தொடுவதற்கு முன் இரண்டு கைகளையும் சூடுவிளக்கின் கீழே நீட்டிச் சூடாக்கிக்கொள்வார். "ஒன்பது மாசம் வெதுவெதுப்பாக் கிடந்தது. ஜில்லுன்னு தொட்டா உலகத்தைப் பத்தி என்ன நினைக்கும்?" என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, தாயிடம் கொடுப்பதற்கு முன் அதன் இடது காதைத் திருப்பிப் பார்ப்பார். ஒரு நொடிதான். நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "காது இருக்கான்னு பாக்குறேன், வேற என்ன" என்று நழுவிவிடுவார். ஒரு மத்தியானம் பிரசவம் ஒன்றும் இல்லாமல் வார்டு காலியாக இருந்தபோது, துவைத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டே அவராகச் சொன்னார்.

அக்காவுக்கு ஒரு தம்பி. நான்கு வயது இளையவன். குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறிக்கிற வேலை. மீட்டர் மூடியைத் தூக்க ஒரு இரும்புக் கொக்கி, ஒரு தடிமனான நோட்டு, வாயில் எப்போதும் ஒரு சீட்டி. "பதினொண்ணாம் நம்பர் நாய்க்கு என் மேல அவ்வளவு பிரியம்க்கா. பார்த்ததும் தொடையைத்தான் கேக்குது" என்று சிரிக்கிற பிள்ளை.

அவன் சுற்றுகிற தெருக்களில் ஒரு மாடி வீடு எப்போதும் பூட்டியே இருந்தது. ஜன்னல்களில் கெட்டித் திரை. வாரியத்தின் ஏட்டில் ஆள் இல்லாத வீடு. ஆனால் மீட்டர் மட்டும் விடாமல் ஓடியது. குழாய் எங்கோ உடைந்திருக்கிறது, தண்ணீர் வீணாகிறதே என்று இவனுக்குப் பதைப்பு. நோட்டில் எழுதினான்: "ஆள் இல்லாத வீடு. நாற்பது பேர் புழங்கும் அளவு தண்ணீர் போகிறது. உடனே பார்க்கவும்."

நான்காம் நாள் காலை அலுவலகத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். இஸ்திரி கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. ஒரு சின்ன விளக்கம் வேண்டும், அரை மணி நேரத்தில் விட்டுவிடுவோம் என்றார்கள். பக்கத்து மேசைக்காரரிடம், "என் சாப்பாட்டு டப்பாவுல கை வெச்சுடாதீங்க, வந்து சாப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பி அவர்களோடு போனான். வயது இருபத்து நான்கு. அதோடு சரி.

அந்த வீட்டில் உண்மையாகவே நாற்பது பேர் இருந்திருக்கிறார்கள். அப்போது நாட்டை ஆண்ட அதிபரின் ஆட்கள் பிடித்துவந்தவர்களை அடைத்துவைக்கிற இடம் அது. தம்பி போய்ப் பத்து வருடம் கழித்து, அதிபர் பதவியை விட்டு இறக்கப்பட்ட பிறகுதான், அந்த வீட்டைத் திறந்தார்கள். சுவரில் நகத்தால் கீறிய பெயர்கள் இருந்தன. அக்காவும் அம்மாவும் போய் அறை அறையாகப் படித்தார்கள். தம்பியின் பெயர் இல்லை. எலும்பும் கிடைக்கவில்லை.

தம்பி போனதும் அம்மா முதல் ஆறு வருடம் இரவுச் சாப்பாட்டுக்கு அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாராம். ஏழாவது வருடம் ஒருநாள் புத்த விகாரைக்குப் போய்விட்டு வந்தவர், தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "இனிமே இது வேணாம். அவன் எங்கேயோ பால் குடிச்சுக்கிட்டிருப்பான்" என்றார். சாகிற நேரத்தில் யார் மேல் நினைப்போ அவர்கள் பக்கமாகவே உயிர் வந்து பிறக்கும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்கு உன் மேலதான் உயிர். நீ குழந்தை ஏந்துற இடத்துக்குத்தான் வருவான். கண்ணைத் திறந்து வெச்சுக்கோ."

தம்பியின் இடது காதுக்கு முன்னால், ஊசியால் குத்தினது போல் ஒரு சின்னத் துளை உண்டு. பிறவியிலேயே இருந்தது. அந்தத் துளையைத்தான் அக்கா தேடிக்கொண்டிருந்தார். மாலையில் வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா கேட்பார்: "இன்னைக்கு எத்தனை?"

"ஆறும்மா. நாலு பையன்."

"காது?"

"இல்லைம்மா."

"சரி, நாளைக்குப் பாரு."

பத்தொன்பது வருடத்தில் அப்படித் துளை உள்ள குழந்தைகள் ஒன்பது கிடைத்தன. அதில் ஒன்று பெண். "பொண்ணா வந்தா என்ன, ஆம்பளையாத்தான் வரணும்னு சட்டமா?" என்றாராம் அம்மா. அந்த ஒன்பது பேரையும் அக்கா கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்துவிட்டுத் தாயிடம் கொடுத்தார். அதற்குமேல் என்ன செய்ய முடியும்?

மடித்த துணியை அடுக்கிவிட்டு அக்கா சொன்னார்: "அவன் வந்துட்டான்னு நான் சந்தோஷப்படணும்னா, முதல்ல அவன் செத்துட்டான்னு ஒத்துக்கணும். ஒவ்வொரு தடவை காதைத் திருப்பும்போதும் நானே அவனை ஒரு தடவை சாகடிக்கிறேன். இது அம்மாவுக்குப் புரியலை."

அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆனபோதுதான் அதிபர் இறந்தார். தொண்ணூற்றொரு வயது. பதவி போன பிறகு பதினைந்து வருடம், காவல் போட்ட ஒரு தோட்ட வீட்டில் இருந்தார். விசாரணை பதினோரு தடவை ஒத்திவைக்கப்பட்டது. ஒருமுறை முழங்கால் வலி, ஒருமுறை மூச்சுத் திணறல், ஒருமுறை கண். கடைசியில் சலவைத் துணி விரித்த மெத்தையில், விடியற்காலைத் தூக்கத்திலேயே போய்விட்டார். தீர்ப்பு என்று ஒன்று வரவே இல்லை.

செய்தியைக் கொண்டுவந்தது எங்கள் வார்டில் துடைத்துப் பெருக்கும் பெண். ஊர்ச் செய்தி முழுக்க முதலில் அவளுக்குத்தான் தெரியும் என்பதால் அவளுக்கு வானொலி என்று பெயர். வாளியைக் கீழே வைத்துவிட்டு, துடைப்பத்தை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு அறிவித்தாள். யாரும் அழவில்லை. யாரும் கைதட்டவும் இல்லை. வானொலிக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

"அக்கா, இனிமே பார்த்து ஏந்துங்க. அந்த ஆள் இங்கேயே வந்து விழுந்துடப்போறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "யோசிச்சுப் பாருங்களேன். ஊரை எரிச்சவன், தலையைச் சீவிக் குவிச்சவன்னு சரித்திரப் புத்தகம் பூரா இருக்கானுங்களே, அவனுங்க எல்லாம் இதுவரைக்கும் எத்தனை தடவை பொறந்திருப்பானுங்க? நம்ம கையாலயே ரெண்டு பேருக்காவது குண்டி கழுவியிருப்போம்!"

நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. சூடுவிளக்கின் கீழே நீட்டியிருந்த கைகளை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பஸ் கண்டக்டரைக் கொண்டுவந்தார்கள். இளம்பெண். முதல் பிரசவம். வலியிலும் அவள் குரல் வார்டின் கடைசிவரை கேட்டது. நல்ல கூட்டத்தில் டிக்கெட் கேட்டுப் பழகிய குரல். இரண்டு மணி நேரம் போராடினாள். ஐந்து மணி சுமாருக்குப் பையன் வந்தான். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நீலம் பாரித்து, ஈரத்துணி மாதிரித் தொங்கினான். அழவில்லை.

இப்படி வந்த குழந்தைகள் நூற்றுக்கணக்கில் அக்காவின் கையில் பிழைத்திருக்கின்றன. கொடியை விலக்கி, துடைத்து, முதுகைத் தேய்த்து, சளியை உறிஞ்சி, மூச்சுப்பையை வைத்து அழுத்துவதற்கு அவர் யோசிக்கவே வேண்டியதில்லை. டாக்டர் தாயின் ரத்தப்போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கொடியை விலக்கினார். விளக்கின் கீழே கிடத்தினார். கை நின்றுவிட்டது.

"போகட்டும்னு ஒரு நினைப்பு வந்துச்சு" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். "வேற யாரும் சொல்லலை. என் குரல்தான். இவன் அவனா இருந்தா? வந்த வழியே போகட்டும்னு."

எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியவில்லை. மூன்று மூச்சு இருக்கலாம். மேசையிலிருந்து அந்தப் பெண், அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு, மிக மெதுவாக, "ஏன் அழலை?" என்று கேட்டாள். கை தானாக ஓடத் தொடங்கியது. நான்காவது அழுத்தலில் பையன் ஒரு கேவல் கேவினான், பிறகு வீறிட்டான். "கைராசின்னா சும்மாவா!" என்றார் டாக்டர். நான் நேரம் எழுதினேன். நான்கு மணி ஐம்பத்திரண்டு. எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

அன்றைக்கு அக்கா காதைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போதுதான் அது நினைவுக்கு வந்ததாம்.

அதற்கடுத்த இரண்டு வாரம் அவர் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் நூலகத்திலிருந்து எடுத்த ஒரு கனத்த சரித்திரப் புத்தகம் மடியில் இருந்தது. என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஊரை எரிச்சவனுங்க எப்படிச் செத்தானுங்கன்னு பாக்குறேன். அதை மட்டும்தான்" என்றார். விஷம் வைக்கப்பட்டவர்கள், குத்துப்பட்டவர்கள் என்று சிலர் இருந்தார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தில் அக்கா பார்த்தவரை நிறையப் பேர் மெத்தையில்தான் செத்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் சூழ, மருந்துக் குப்பிகள் சூழ. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா விகாரைக்குப் போனார்.

அன்று நல்ல மழை. பிக்குவுக்கு அக்காவின் வயதுதான் இருக்கும். கூரை ஒழுகுகிற இடங்களில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகக் கேட்டுவிட்டார்.

"அந்த ஆள் எங்கே பிறப்பான்?"

பிக்குவுக்கு எந்த ஆள் என்று விளக்கம் தேவைப்படவில்லை. "அவ்வளவு கொலை செஞ்சவன் மனுஷப் பிறவிக்கு உடனே வர முடியாதும்மா. நரகம்னு சொல்றது அதுக்குத்தான். யுகம் யுகமாகும்" என்றார்.

அக்காவுக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. அப்படியானால் அந்தக் குழந்தை அவன் இல்லை. ஆனால் பிக்கு அதோடு நிறுத்தவில்லை.

"ஆனா நரகமும் தீர்ந்துபோற இடம்தான். ஒரு நாள் அவனும் எங்கேயோ பிறப்பான். ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

"ஞாபகமே இல்லாதவன் அடி வாங்கி என்ன பிரயோஜனம்? எதுக்கு அடிக்கிறாங்கன்னு அவனுக்குத் தெரிய வேணாமா? என் தம்பி பேரைச் சொல்லித்தானே அடிக்கணும்?"

"அடிக்கிறவன்னு ஒருத்தன் இல்லையேம்மா. நெருப்பைத் தொட்டா சுடும். நெருப்புக்கு உங்க தம்பி பேர் தெரியாது."

அக்காவுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "அப்போ அந்த ஆள் தொண்ணூறு வருஷம் மெத்தையில படுத்தது போன பிறவிப் புண்ணியமா? அதையும் சொல்லுங்க. ஆனா என் தம்பி போன பிறவியில என்ன பண்ணினான்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா இந்தப் பாத்திரத்தை எடுத்து அடிச்சிடுவேன்."

"சொல்ல மாட்டேன்" என்றார் பிக்கு. "தன் வலிக்கு ஒருத்தர் அப்படி யோசிச்சு ஆறுதல் தேடிக்கலாம். அடுத்தவன் வலியைப் பார்த்து அப்படிச் சொல்றது கொடுமை. அந்த ஆள் செஞ்ச கொடுமையோட அதுவும் சேரும்."

நிரம்பிய பாத்திரம் ஒன்றைப் பிக்கு மாற்றி வைத்தார். அக்கா குரலை இறக்கி, அந்தக் குழந்தையைப் பற்றியும் மூன்று மூச்சைப் பற்றியும் சொன்னார். பிக்கு கேட்டுக்கொண்டார். பிறவிகளுக்கு எண்ணிக்கை கிடையாது, அதனால் எல்லோரும் எல்லோருக்கும் எப்போதோ ஒருமுறை தாயாக இருந்திருக்கிறோம் என்றார். "நீங்க அந்த ஆளுக்கும்..."

"நான் அவனுக்குத் தாயா?"

அக்கா எழுந்துவிட்டார். வாசல்வரை போனவரைப் பிக்குவின் குரல் நிறுத்தியது.

"இருபது வருஷம் அந்த ஆளோட பிறந்தநாளுக்கு நீண்ட ஆயுள் கேட்டு ஓதினவங்கள்ல நானும் ஒருத்தன்மா. பயம்தான். தொண்ணூத்தொரு வயசு வரைக்கும் இருந்தான் பாருங்க. என்னோட பங்கு எங்கே போய் விளையும்னு தினம் யோசிக்கிறேன். உங்களுக்குச் சொல்றதுக்கு என்கிட்ட அதுக்கு மேல ஒண்ணும் இல்லை."

அக்கா மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார்.

ஆறாவது வாரத்தில் கண்டக்டர் பெண் தடுப்பூசி போடப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கன்னம் உப்பிக் கொழுகொழுவென்று இருந்தான். நேராக அக்காவிடம் வந்தாள். "இவனுக்கு இன்னும் பேர் வைக்கலைக்கா. நீங்கதான் வைக்கணும். உங்க கைதானே இவனை இழுத்துப் பிடிச்சது."

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். இருபத்தைந்து வருடமாக வாய்விட்டுக் கூப்பிட ஆளில்லாமல் போன ஒரு பெயர் அவர் நாக்கு நுனியில் இருந்தது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அந்தப் பெண் சந்தோஷமாக வைத்திருப்பாள். வாழ்நாள் முழுக்க அந்தப் பெயர் இந்தத் தெருக்களில் கூப்பிடப்பட்டிருக்கும். அக்கா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பேர் வைக்கிற யோக்கியதை எனக்கில்லைம்மா. அன்னைக்கு இவன் அழாமக் கிடந்தப்போ என் கை நின்னுபோச்சு."

"தெரியும்" என்றாள் அவள். "நான் உங்க முகத்தையேதானே பார்த்துக்கிட்டிருந்தேன். பயந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"பயம் இல்லை."

அக்கா ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பூட்டிய வீடு, தம்பி, அம்மா, வானொலியின் கேலி, போகட்டும் என்று வந்த அந்த நினைப்பு. முடிந்ததும் கண்டக்டர் பெண், அக்காவின் விரலைப் பிடித்திருந்த பையனின் கையை மெல்லப் பிரித்தாள். துணியை இழுத்து அவனை மூடினாள். எழுந்து போய்விட்டாள். அடுத்த தடுப்பூசிகளுக்கு அவள் எங்கள் மருத்துவமனைக்கு வரவே இல்லை.

"ஏன்க்கா சொன்னீங்க?" என்று எனக்கு ஆற்றாமை. "யாருக்கும் தெரியாதே."

"அந்த மூணு மூச்சு அவனோடது. அவங்க அம்மாகிட்ட சொல்லாம நான் வெச்சுக்க முடியாது" என்றார். அன்றிலிருந்து அவர் யாருடைய காதையும் திருப்பிப் பார்க்கவில்லை. குழந்தையை வாங்கியதும் ஒரு தடவை முகத்தைப் பார்ப்பார், கொடுத்துவிடுவார். அந்த ஏக்கம் போய்விட்டது என்று நான் நினைத்தேன். அது எங்கே போகும்? மாலையில் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் என் மேசைப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வார். "எத்தனைன்னு கேக்க ஆளில்லை" என்பார். நான் பதிவேட்டைப் பார்த்து எண்ணிச் சொல்வேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் காலை அக்கா ஏறிய பஸ்ஸில் அதே பெண் கண்டக்டர். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். கூட்டத்தின் கடைசிவரை போனாள். திரும்பி வரும்போது அக்காவின் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"நடக்குறான்."

"விழறானா?"

"விழறான். தானே எழுந்துக்கறான்."

அக்கா இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது. மூன்றாவது நிறுத்தத்தில் அந்தப் பெண், "ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. தூக்க வேணாம். பாருங்க, அவ்வளவுதான்" என்றாள்.

அக்கா போனார். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார். பையன் ஒரு டப்பா மூடியை வைத்துக்கொண்டு தரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தானாம். அடுத்த மாதமும் போனார். நான்காவது மாதம் கேட் திறந்தது. "தூக்கணும்னா தூக்கிக்கோங்க, நல்லா கனக்குறான்" என்றாள் கண்டக்டர் பெண், அடுப்பைப் பார்க்கப் போகிறவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அந்த ஆள் எங்கே போய்ச் சேர்ந்தாலும் சேரட்டும்" என்றார் அக்கா மறுநாள் என்னிடம். "யுகம் யுகமா வேகட்டும், இல்லை எங்கேயாவது புல்லு மேயட்டும். எனக்கு அவனைத் தேட நேரமில்லை."

அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கண்டக்டர் பெண்ணுக்கு ஞாயிறு டியூட்டி விழுந்தால் பையன் அக்கா வீட்டில்தான். நான்கு வயதாகப் போகிறது. நிமிஷத்துக்கு ஒரு கேள்வி. போன வாரம் நான் போயிருந்தபோது அவன் அக்காவின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே கேட்டான்:

"உங்களுக்குத் தம்பி இருக்கானா?"

அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை. "இருக்கான்."

"எங்கே?"

"தெரியலையேடா. ரொம்ப நாளாத் தேடுறேன்."

பையன் பிஸ்கட்டை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு மடியிலிருந்து இறங்கினான். கட்டிலுக்குக் கீழே குனிந்து, வெகு நேரம் உற்றுப் பார்த்தான்.

"இங்கே இல்லை" என்றான். அடுத்த அறையில் பார்க்க ஓடினான்.